மழை இல்லாமல் ஏறிய தண்ணீர்

போன வருடம் தொழிலாளர் தினத்தன்று நடந்தது இது. கேமரன் மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பங்கோர் தீவுக்கு ஒரு நாள் சுற்றுலா போனோம். ஒரு பஸ், முப்பத்தொரு பேர். அதில் பாதிப் பேருக்கு மேல் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மலையை விட்டு இறங்கினால் ஈப்போ, தாப்பா, தைப்பூசத்துக்கு ஒரு கோயில். அவ்வளவுதான் எங்கள் பயணமெல்லாம்.

ஏற்பாடு செய்தவர் தோட்டத்துக் கோயில் செயலாளர். பஸ், பெர்ரி, தீவில் சுற்ற வேன் எல்லாம் அவரே பேசி வைத்திருந்தார். புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். பார்க்கப் போன என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

"நீதான்டா கூட்டிட்டுப் போவணும். லுமுட் பக்கம் போயிருக்கேன்னு சொல்லுவியே."

நான் தலையாட்டினேன். அங்கேதான் தப்பு தொடங்கியது.

பதினேழு வயதில் சில மாதம் திரிங்காப்பில் ஒரு காய்கறி லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்குத் துணையாளாக இருந்தேன். பங்கோருக்குப் பெர்ரி ஏறும் கடலோர ஊரான லுமுட்டுக்கு அந்த லோரி ஒருமுறை போனது. கோஸ் மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கினேன். பிறகு லோரிக்குள்ளேயே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. கடலை நான் பார்க்கவே இல்லை. ஆனால் லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரோ கேட்டபோது, "லுமுட்டா, போயிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். போனது உண்மைதானே. நாளாக ஆக, தோட்டத்தில் கடல் தெரிந்த ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. இல்லை என்று மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் கூடினால் சுவர் ஓரமாக ஒதுங்கி நிற்பேன். கல்யாணத்தில் மைக்கில் பெயரைக் கூப்பிட்டால்கூட எனக்கு வியர்த்துவிடும். நான் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"நீங்க வாயைத் தொறந்து எல்லாரும் ஏறுங்கன்னு சொல்றதுக்குள்ள கடல் வத்திப் போயிடும் லா."

விடியற்காலை பஸ்ஸில் ஆள் எண்ணுவதே பெரிய வேலையாக இருந்தது. எழுந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். இரண்டு முறை மனதுக்குள் எண்ணினேன். ஒருமுறை இருபத்தொன்பது வந்தது, ஒருமுறை முப்பத்திரண்டு. கடைசியில் என் மனைவிதான் கத்தினாள்.

"எல்லாரும் நிரை நம்பரு சொல்லுங்க! முன் சீட்டுதான் ஒண்ணு!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மலையில் பனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கினால் பக்கத்து நிரையில், அதாவது அடுத்த தேயிலை வரிசையில், கொழுந்து வெட்டுகிற ஆள் கண்ணுக்குத் தெரியாது. சரிவில் கால் தவறினால் ஓடையில்தான் போய் விழ வேண்டும். அதனால் பனி மூடியதும் கங்காணி மேலே நின்று, "நில்லேய்" என்று நீளமாகக் கூவுவார். அந்தக் குரல் கேட்டால் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, வைத்த கால் வைத்தபடி நிற்க வேண்டும். மேலிருந்து ஒவ்வொருவராக நிரை எண்ணைச் சொல்வார்கள். ஒரு எண் வரவில்லை என்றால் அதற்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மட்டும் போய்ப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அசையக் கூடாது. ஓடை ஓரத்துக் கடைசி நிரை இருபது வருடமாக என்னுடையது. என் எண்ணோடு "கடைசி" என்று சேர்த்துச் சொன்னால், எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலை நேரத்தில் நான் சத்தமாகச் சொல்லும் வார்த்தை அது ஒன்றுதான்.

பஸ்ஸிலும் அப்படியே சொன்னோம். என் மனைவிக்குப் பதிமூன்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெரியக்காவுக்குப் பதினான்கு. எங்கள் வெட்டுக் கூட்டத்தில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. அந்த வருடத்தோடு வேலையிலிருந்து ஓய்வு பெற இருந்தார். பின் சீட்டில் இருந்த நான், "முப்பத்தொண்ணு, கடைசி" என்றேன். பஸ் கிளம்பியது.

கம்போங் ராஜா தாண்டிக் கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது. எல்லோரும் வழக்கம்போல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறியிருந்தோம். இரண்டு பேர் கம்பளிக் குல்லா வேறு. லுமுட்டில் பஸ் கதவு திறந்ததும் அடுப்புக்கு முன்னால் நிற்பது போல ஒரு காற்று அடித்தது. பெர்ரி ஏறும் இடத்தில் முப்பத்தொரு ஸ்வெட்டரையும் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு நின்ற எங்களை, துணி விற்க வந்தவர்கள் என்றே ஒரு சீனர் நினைத்தார். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

பெர்ரியில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. செயலாளர் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எங்கே, எத்தனை மணிக்கு, யாரிடம் கேட்க வேண்டும் என்பதே என் தலை முழுக்க இருந்தது.

தீவில் ரோஸ் நிற வேன்கள் எங்களுக்காக நின்றன. முதலில் கடலோரத்துக் காளியம்மன் கோயில். அம்மன் கடலைப் பார்த்தபடி இருக்கிறாள். எங்கள் பெண்கள் அங்கிருந்து நகர மறுத்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை. நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே கூரை இல்லை. "நம்ம பழைய பேக்டரி இதவிட நல்லாருக்கும் லா" என்று ஒரு மாமா சொல்ல, வேன் டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கருவாட்டுக் கடையில் பாதிக் கூட்டம் காணாமல் போய், நெத்திலிப் பொட்டலங்களோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு இடத்திலும் எண் சொல்லித்தான் வேன் ஏறினோம்.

மத்தியானம் கடற்கரைக்கு வந்தோம். கட்டிக் கொண்டுபோன புளிச்சாதத்தை மரத்தடியில் சாப்பிட்டோம். கடல் நன்றாக உள்வாங்கி இருந்தது. எதிரே கூப்பிடு தூரத்தில் பாறையும் மரமுமாக ஒரு குட்டித் தீவு. அதுவரைக்கும் முழங்கால் தண்ணீரில் வெள்ளைக்காரர்கள் நடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பெரியக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, அங்க நடந்து போலாமா? உனக்குத்தான் கடலு தெரியும். நீ சொன்னா போறோம்."

எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். ஆகாயத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. மலையில் எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். மேலே மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் ஏறும். மழை இல்லையென்றால் ஏறாது.

"போலாம்," என்றேன்.

பதினோரு பெண்கள் போனார்கள். போன் நனைந்துவிடக் கூடாது என்று எல்லாப் போனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மனைவி போகும்போது பெரியக்காவின் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தண்ணீரை உதைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மற்றவர்கள் மரத்தடியில் படுத்துவிட்டார்கள். நான் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது படகு டிக்கெட் விற்கிற ஒரு மலாய்க்கார அம்மா வேகமாக என்னிடம் வந்தார்.

"பாங், அந்தத் தீவில் இருப்பவர்கள் உங்கள் ஆட்களா?" என்று மலாயில் கேட்டார். பாங் என்றால் அண்ணன்.

ஆமாம் என்றேன்.

"நீந்தத் தெரியுமா அவர்களுக்கு?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"தண்ணீர் ஏறுகிறது, பாங்!"

நான் ஆகாயத்தைக் காட்டினேன். மழை இல்லையே என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்றைக்கும் மறக்க முடியாது. கோபம் இல்லை. பாவம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்கள் மலைக்காரரா? கடல் மழையைக் கேட்டுக்கொண்டு ஏறாது. தினமும் ஏறும், தினமும் இறங்கும். இன்னும் அரை மணியில் நடுவில் ஆள் உயரத் தண்ணீர். தீவு முழுகாது, அங்கேயே இருந்தால் பயமில்லை. என் வீட்டுக்காரர் படகில் பயணிகளை ஏற்றிப் போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறேன். அவர்களைத் தண்ணீரில் இறங்காமல் இருக்கச் சொல்லுங்கள்."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் ஒருத்தரும் அங்கே இல்லை. தண்ணீர் இருந்த இடமே மாறியிருந்தது. எங்கள் பெண்களில் இரண்டு பேர் ஏற்கனவே இறங்கிவிட்டார்கள். கரையில் நான் நிற்கும் இடத்தைப் பார்த்து நேராக, இடுப்புத் தண்ணீரில், பேசிச் சிரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் சிலர் இறங்குவதற்குத் துணியைத் தூக்கிச் சொருகிக்கொண்டிருந்தார்கள்.

"நேராக வந்தால் பள்ளம்!" என்று அந்த அம்மா அலறினார். "மணல் மேடு இடது பக்கம் வளைந்து வருகிறது!"

நான் கையை ஆட்டினேன். அந்த இரண்டு பேரும் சந்தோஷமாகத் திருப்பிக் கையை ஆட்டினார்கள். "வராதீங்க" என்று கத்தினேன். அது கத்தலே இல்லை. காற்று அதைக் கரையிலேயே போட்டுவிட்டது. போன் பண்ணலாம் என்றால் போன் எல்லாம் என்னிடம். "வராதே" என்று நான் சொல்வது "வா" என்று அவர்களுக்குக் கேட்டிருந்தால்கூட ஆச்சரியமில்லை. அந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு வீட்டில் சின்னக் குழந்தை. போலாம் என்று சொன்னவன் நான்.

அப்போது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. யோசித்துச் செய்யவில்லை. இரண்டு கையையும் வாய் ஓரம் வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கூவினேன்.

"நில்லேய்... நில்...லேய்ய்ய்!"

முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாவது தடவை அது என் குரல் மாதிரியே இல்லை. பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிற மாதிரி போனது. கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். இடுப்புத் தண்ணீரில், வைத்த கால் வைத்தபடி, சிலை மாதிரி. தீவில் துணியைச் சொருகிக்கொண்டிருந்தவர்களும் அப்படியே நின்றார்கள். பல வருடப் பழக்கம். பனி இருக்கிறதா, வெயிலா என்று உடம்பு கேட்கவில்லை.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. என் பின்னால் மரத்தடியில் தொப்பியை முகத்தில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த மாமா துள்ளி எழுந்தார். முன் சீட்டுக்காரர் அவர்தான். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், "ஒண்ணு!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "ரெண்டு!" மூன்று, நான்கு, ஐந்து, மரத்தடியிலிருந்தே வந்தன. ஆறு தீவிலிருந்து வந்தது. ஏழு கரை. எட்டு, ஒன்பது, அந்த இடுப்புத் தண்ணீரிலிருந்து. கரைக்கும் தீவுக்கும் நடுவில் எண்கள் தண்ணீர் மேல் போய் வந்தன. பன்னிரண்டு. என் மனைவி, "பதிமூணு!" அவள் குரலை எத்தனை பேருக்கு நடுவிலும் எனக்குத் தெரியும்.

பதினான்கு வரவில்லை.

மறுபடி கூவினேன். அலைச் சத்தம் மட்டும்தான். தீவின் ஓரத்தில் நின்றவர்களை எண்ணினேன். பெரியக்கா அங்கே இல்லை. பின்பக்கப் பாறைகளில் அலை மோதித் தெறிப்பது தெரிந்தது.

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிமூன்றும் பதினைந்தும் திரும்பிப் பாறைப் பக்கம் ஓடினார்கள். மற்றவர்கள் ஒருத்தரும் அசையவில்லை.

அந்த அம்மா மூன்று லைப் ஜாக்கெட்டை என் கையில் கொடுத்து, ஒன்றை எனக்கு மாட்டிவிட்டு, மணல் மேடு எந்த மரத்துக்கு நேரே தொடங்குகிறது என்று காட்டினார். "மேட்டை விட்டுக் காலை எடுக்காதீர்கள்" என்றார். போன் பையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். எனக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத தடத்தைக் காலால் தடவிக்கொண்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலால் தொட்டுப் பார்த்து, மண் கெட்டியாக இருந்தால் அடுத்த அடி. வளைந்து வளைந்து போய் அந்த இரண்டு பேரிடம் சேரும்போது தண்ணீர் அவர்களுடைய மார்புக்கு வந்திருந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, நேரா நடந்தா கரை வந்துரும்னு நெனச்சோம்," என்றாள் குழந்தை வைத்திருப்பவள்.

"அங்க பள்ளம்மா. என் பின்னாலயே வாங்க."

ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, கரையைவிடத் தீவுதான் பக்கம் என்பதால் மேட்டின் மேலேயே தீவுக்குக் கூட்டிப் போனேன். தீவில் கால் வைத்ததும் என் மனைவியின் குரல் கேட்டது.

"பதினாலு இருக்கு! பதினாலு இருக்கு லா!"

பெரியக்கா தீவின் பின்பக்கம் ஒரு பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்தில் குவியலாகக் கிளிஞ்சல். அலைச் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லையாம்.

"ஏன்டி இப்பிடிப் பறக்குறீங்க? இன்னும் நான் பாத்து முடிக்கலயே," என்றாராம் என் மனைவியிடம்.

படகு வந்தது. ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் ஏறலாம் என்றார் படகுக்காரர். முதல் நடையில் ஆறு பேரை அனுப்பினேன். நானும் என் மனைவியும் பெரியக்காவும் இன்னும் மூன்று பேரும் அடுத்த நடைக்குக் காத்திருந்தோம். பெரியக்கா என் தோளைத் தட்டி, "உக்காரு தம்பி. என்னா ஒரு கூவலு! கங்காணிகூட அப்பிடிக் கூவ மாட்டாரு" என்றார். பாறையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் எதுவுமே இல்லை. மலை இல்லை, மரம் இல்லை, மறைக்கிற பனி இல்லை. கண் போகிற வரைக்கும் தண்ணீர், வெயிலில் தகடு மாதிரி. நாற்பத்தெட்டு வயதில் அன்றுதான் நான் கடலைப் பார்த்தேன். படகு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது நடையில் நாங்கள் கரை சேர்ந்தபோது யார் என்று தெரியாத சனமெல்லாம் கைதட்டியது. மாமா விடவில்லை. "எண்ணிருவோம்!" என்றார். மணலில் நின்று ஒன்றிலிருந்து சொன்னோம். பதினான்கு வந்தபோது பெரியக்கா கையைத் தூக்கிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. "முப்பத்தொண்ணு, கடைசி!" என்று நான் கத்தியது அடுத்த கடற்கரைக்குக் கேட்டிருக்கும்.

படகு டிக்கெட் விற்ற அந்த அம்மாவைத் தேடிப் போனோம். பெரியக்கா தன் பையிலிருந்து எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கி முகர்ந்து பார்த்து, "அடுத்த முறை முதலில் என்னிடம் வந்து நேரம் கேளுங்கள், மலைக்காரரே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பெர்ரியிலும் பஸ்ஸிலும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "கடலு தெரிஞ்ச ஆளு கூட இருந்ததால தப்பிச்சோம்" என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து முன்னால் போனேன். டிரைவரிடம் மைக்கைக் கேட்டேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குக் கடலு தெரியாது," என்றேன். "லுமுட்டுல நான் லோரிக்குள்ள தூங்கிட்டேன். கடலப் பாக்கவே இல்ல. தண்ணி ஏறும்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் போலாம்னு சொன்னேன். தப்பு என்னுது."

இடுப்புத் தண்ணீரில் நின்ற இருவரில் ஒருத்தி பின்னாலிருந்து கேட்டாள்: "அப்ப அண்ணே, நீங்களும் இன்னிக்குத்தான் மொத மொத பாத்தீங்களா?"

ஆமாம் என்றேன். பஸ் முழுக்க விசில் பறந்தது. என் மனைவி எழுந்து நின்று, "வீட்டுல சட்னி எப்பிடின்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுற மனுசன் லா இது! இன்னிக்கு முப்பது பேர நிறுத்தி வெச்சிட்டாரு!" என்றாள். மலை ஏறி முடிக்கும்வரை மைக்கை என்னிடமிருந்து ஒருத்தரும் வாங்கவில்லை. பாட்டுகூட ஒன்று பாடினேன். அது நன்றாக இருந்திருக்காது.

இந்த வருடமும் கடலோரம் போவது என்று கோயில் கூட்டத்தில் முடிவானது. செயலாளர் கால் சரியாகி நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும் யார் கூட்டிப் போவது என்று கேட்டபோது, "நான் போறேன், ஆனா அந்த எடம் எனக்குத் தெரியாது, முதல்ல கேட்டுட்டு வரேன்" என்று எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பெரியக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். தெரியாது என்று சொன்னால் சனம் மதிக்காது என்று பயந்து பயந்தே பாதி ஆயுளை ஓரமாக நின்று கழித்தவன் நான். அதைச் சொன்ன பிறகும் முப்பது பேர் என்னை நம்பிப் பஸ் ஏறுகிறார்கள் என்பதைவிட எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை வேறு எதுவும் இல்லை.